சோயா ஏறிய இடம்

நல்லூர் பனியன் கம்பெனியில் தைத்த பனியனை அளந்து பார்க்கும் செக்கிங் வேலை செய்கிறேன். இன்று கேன்டீனில் சோயா வேகும் வாசம் வந்ததும், கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு ஓடினேன்.

நான் பள்ளியில் படிக்கையில், சேவூரில் அப்பா மெஸ்ஸில் மிஞ்சிய சோறு போட்டு நாட்டுப் பன்றி வளர்த்தார். "மெஸ் சோத்துல சத்தில்லீங்க, சோயா வேக வெச்சுப் போடுங்க" என்றார் கால்நடை டாக்டர். எங்களுக்கோ தினமும் ரசஞ்சோறு. பன்றிகளுக்காக வெந்த சோயாவில் அப்பா தவிடு கலக்குவதற்குள் நாலு கரண்டி தின்றுவிடுவேன்.

வாராவாரம் அம்மாவின் தையல் டேப்பால் பன்றிகளின் நெஞ்சளவு எடுப்பார் அப்பா. ஒரு மாதமாகியும் அளவு அசையவில்லை.

"டாக்டரு ஏமாத்திப்போட்டாரு!" என்று கத்தினார்.

இறுகிப்போன என் சீருடையைப் பிரித்துத் தைக்க அளவெடுத்துக்கொண்டிருந்த அம்மா சொன்னாள்: "ஏமாத்தலீங்க. இங்க ரெண்டு இஞ்சு ஏறீருக்குதுங்க."

"இன்னுங் கொஞ்சம் போடட்டுமா, கண்ணு?" என்றார் கேன்டீன் அக்கா. டேப்பைச் சுருட்டி ஒளித்துக்கொண்டு தட்டை நீட்டினேன்.