கவிழ்த்துக் காட்டிய படகு

வேங்கிக்கால் ஏரி நிரம்பியிருந்த ஒரு மார்கழியில் அந்த வெள்ளைக்காரரைச் சந்தித்தேன். தன் நாட்டுக்குத் திரும்புவதால் துடுப்புப் போட்டு ஓட்டும் தன் இரண்டு கயாக் படகுகளையும் விற்கிறார் என்று கேள்விப்பட்டு, கல்லூரியில் படிக்கும் என் மகள் என்னை இழுத்துப் போயிருந்தாள். மடித்துக் கட்டிய காவி வேட்டி, ஈரத் தாடி, பல வருஷம் இங்கேயே இருந்து பழகிய தமிழ். எதைக் கேட்டாலும் தாடியைத் துணிபோலப் பிழிந்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

மகளுக்குக் குறுகலான நீலப் படகு பிடித்துவிட்டது. இடுப்புவரை உள்ளே நுழைந்து உட்காரும் வகை.

"வேகமா போகும்மா," என்றாள்.

"வேகம் ஜாஸ்திதான். கவுந்தா வெளிய வரணுமே," என்றார் அவர். அவளை அதில் உட்காரவைத்து, மார்பளவு தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு போனார். மூச்சை அடக்கச் சொல்லிவிட்டுப் படகைக் கவிழ்த்தார்.

நீல அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. அவள் மேலே வரவில்லை. நான் புடவையோடு ஏரியில் இறங்கினேன். அதற்குள் அவளை வெளியே இழுத்துவிட்டார்.

"உனக்கு அறிவிருக்கா? பெத்தவ நான் நிக்கிறேன்," என்று கத்தினேன்.

அவர் தாடியைப் பிழிந்தார். "திட்டுங்கம்மா. இங்க மாட்டிக்கிட்டா நான் இருக்கேன். நடு ஏரியில யாரு இருப்பா? இது பாப்பாவுக்கு வேணாங்க. அந்த அகலமானதுல மேலயே உக்காந்துக்கலாம். கவுந்தா தானா தண்ணியில விழுந்துடுவா, மாட்டிக்க மாட்டா."

அகலமானதைத்தான் வாங்கினோம். வீட்டுக்கு வந்தும் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். மகள் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "உள்ள இருந்தப்ப எனக்கு பயமே இல்லம்மா. அவர் கை என் தோள விடவே இல்ல."

கரையிலிருந்து பார்த்த எனக்கு, அவர் சும்மா நிற்பதாகத்தான் தெரிந்தது.