சந்தனப் பொட்டு வைத்த பிரேக் டிஸ்க்

முனியாண்டி ஐயாவைக் கும்பிடும் அன்பர்கள் எல்லோருக்கும் வணக்கம். சுவா ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில், ஐயா கோயிலுக்கு எதிரே தொழிலாளர் லயத்தில் குடியிருப்பவன் நான். எனக்கு நடந்ததை உள்ளது உள்ளபடி சொல்கிறேன்.

கடந்த ஆடி மாதம் எங்கள் காரின் முன் பிரேக் கெட்டுப்போனது. மிதித்தால் ஸ்டீயரிங் உதறும். என் மனைவி கலா அந்தக் காரில்தான் தினமும் செனாவாங் தொழிற்சாலைக்குப் போகிறாள். எங்கள் லயத்துப் பெண்கள் இரண்டு பேரும் அவளோடு போவார்கள். அவள் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

பார்த்தவர்கள், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கையும் அதைக் கவ்விப் பிடிக்கும் பேடையும் மாற்றச் சொன்னார்கள். என் சுபாவம் அப்படி, நான் எவரையும் லேசில் நம்ப மாட்டேன். பெட்ரோல் போடும்போதுகூட மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். கடையில் காட்டிய சாமான் பெட்டி பளபளவென்று இருந்தால் போலியோ என்று தோன்றியது. மங்கியிருந்தால் எத்தனை நாள் கிடந்ததோ என்று தோன்றியது. ஒவ்வொரு கடையிலிருந்தும் வெறுங்கையோடு வந்தேன். கலா தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசியில் தவமணி அண்ணனிடம் வாங்கினேன். வீட்டில் வைத்தே கார் சாமான் விற்பவர். திருவிழாவில் என்னோடு சேர்ந்து பந்தல் கட்டுகிறவர். "நம்ம கோயில் ஆளுக்கு நான் பழச குடுப்பேனா தம்பி? புது சாமான்லா" என்றார். அவரை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை.

சந்தேகமெல்லாம் அதை மாட்டப்போகிற சேகர் மேல்தான். செண்டாயானில் புதிதாக ஒர்க்ஷாப் திறந்திருந்தவர், முன்பின் தெரியாதவர். என் புதுச் சாமானை ஒளித்துவிட்டு வேறு எதையாவது மாட்டினால் எனக்கு என்ன தெரியும்?

புது வண்டியை ஐயா முன்னால் நிறுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்போம் அல்லவா? அதுபோல் டிஸ்க் இரண்டையும் ஐயா காலடியில் வைத்தேன். நடுவில் சந்தனப் பொட்டு வைத்து, அதன்மேல் எண்ணெயில் குழைத்த குங்குமம் வைத்தேன். எளிதில் அழியக்கூடாது என்றுதான் எண்ணெய். சாமிக்கும் ஆயிற்று, அடையாளத்துக்கும் ஆயிற்று. "ஐயா, அவ உசுரு இதுலதான் இருக்கு. என்னை ஏமாத்துறவன் எவனா இருந்தாலும் என் கண்ணு முன்னால காட்டிக் குடுத்துடு" என்று அழுதேன்.

மறுநாள் சேகருக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் டிஸ்க்கை எடுத்தார். பொட்டைப் பார்த்தார். துணியால் அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"ஏய், எதுக்கு அடையாளத்த அழிக்கிற? மாத்தப் பாக்குறியா?"

"அண்ணே, இந்த எண்ணெய் சூட்டுல உருகி பேட்ல பட்டா பிரேக் புடிக்காதுண்ணே. மத்தபடி சாமி பொட்டுல நான் ஏன் கைய வைக்கப்போறேன்?"

நான் நம்பவில்லை. எழுந்து பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். குங்குமம் போகாததால் அழுக்கு நீக்கும் ஸ்பிரே அடித்துத் தேய்த்தார். குங்குமத்தோடு வெள்ளிப் பெயிண்டும் உரிந்து வந்தது. அடியில் துரு. போல்ட் ஓட்டையிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

சேகர் கை அப்படியே நின்றது. "இது பழைய டிஸ்க்குண்ணே. பெயிண்ட் அடிச்சி வித்துருக்காங்க. நடுவுல நாங்க தொடைக்கவே மாட்டோம், பேட் படுற எடத்த மட்டுந்தான் தொடைப்போம். பொட்டு இல்லன்னா அப்படியே மாட்டி அனுப்பியிருப்பேன்."

அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். சேகர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய் வேறு கடையில் நல்ல டிஸ்க் வாங்கி மாட்டிக் கொடுத்தார்.

தவமணி அண்ணன் முன்னால் அந்த டிஸ்க்கைக் கொண்டுபோய் வைத்தேன். "எனக்கும் சாமான் இப்படித்தான் வந்துச்சி தம்பி" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. உண்மையா பொய்யா என்று ஐயாவுக்குத்தான் வெளிச்சம்.

சில நாள் கழித்து மலைப்பாதை இறக்கத்தில் ஒரு லாரி கலாவின் காருக்குக் குறுக்கே திரும்பியிருக்கிறது. எனக்குப் போன் செய்தாள். "பிரேக்கு புடிச்சி காடி நின்னுடுச்சிங்க" என்று மட்டும் சொன்னாள். பின்னால் அந்த இரண்டு பெண்களும் விசும்புவது கேட்டது. நின்ற இடத்திலேயே கைகூப்பினேன்.

அன்பர்களே, மனதில் உள்ளதை ஐயாவிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், கோபிக்க மாட்டார். பொட்டை மட்டும் சாமானில் வைக்காமல் அதன் பெட்டியின்மேல் வையுங்கள். ஏமாற்றுகிற ஒருவனைக் காட்டு என்றுதான் நான் கேட்டேன். நம்பக்கூடிய ஒருவரையும் சேர்த்துக் காட்டினார் ஐயா.