வெள்ளை வருது, பரவாயில்லையா?

திருச்சியில் ஒரு மர வாடியில் வேலை பார்க்கிறேன். ஸ்ரீரங்கத்தில் வீடு. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்புவேன். படித்தது ஐந்தாவது வரைதான். மரம் தெரியும்.

மரத்தின் நடுவில் கெட்டியாக இருப்பது வைரம். அதைச் சுற்றிப் பட்டைக்கு அடியில் இருப்பது வெள்ளை. வைரம் நிற்கும். வெள்ளையைப் பூச்சி தின்னும். வாடியில் எல்லாருக்கும் இது தெரியும். வாங்க வருகிறவர்களுக்குத் தெரியாது.

முதலாளி சொல்லியிருந்தார். "வெள்ளை இருந்தா கேட்டுருங்க. கேட்டாச்சுன்னா நம்ம மேல பேச்சு வராது."

வையம்பட்டியில் இருந்து ஒரு அம்மா வந்தது. வாசலுக்கு நிலை வேண்டும். புருசன் இல்லை. தானே நின்று வீடு கட்டுகிறது. வேங்கையில் அறுத்தோம். நிலைக்குக் காலாக நிற்கிற இரண்டு மரத்திலும் ஒரு பக்கம் முழுக்க வெள்ளை.

கேட்டேன். "ஒரு பக்கம் வெள்ளை வருதும்மா. பரவாயில்லையா?"

அது மரத்தைத் தடவிப் பார்த்தது. "வெள்ளையா இருந்தா நல்லதுதானே அண்ணே. பளிச்சுன்னு இருக்குமுல்ல."

ரம்பத்தில் நின்றவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். நிறத்தைச் சொல்கிறது என்று எனக்குத் தெரியும். "அது பூச்சி திங்கிற பக்கம்மா" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொல்லவில்லை. மறுபடி அறுக்க வேண்டும், மதியச் சாப்பாட்டு நேரம், அவ்வளவுதான் காரணம்.

நிலை வைக்கிற அன்றைக்கு என்னையும் கூப்பிட்டது. போனேன். கால் மரத்துக்கு மஞ்சள் பூசினார்கள். சிவந்த வைரப் பக்கத்தில் மஞ்சள் மங்கித் தெரிந்தது. வெள்ளைப் பக்கத்தில் நன்றாக எடுத்தது. "பாத்தீங்களா அண்ணே, என்ன அழகு" என்றது. தாம்பூலம் கொடுத்தது. வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது வருசம் அந்த அம்மா மறுபடி வாடிக்கு வந்தது. கூடப் பக்கத்து வீட்டுக்காரி. நிலை உளுத்துவிட்டது, கீல் பிடுங்கிக் கதவு தொங்குகிறது, கயிற்றில் கட்டி வைத்திருக்கிறோம், புது நிலை வேண்டும் என்றது.

பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் பாய்ந்தாள். "பொம்பளைன்னு ஏமாத்தித் தள்ளிவிட்டீங்களாக்கும்?"

அந்த அம்மா தடுத்தது. "சும்மா இருடி. அண்ணன் வாயைத் தொறந்து கேட்டாரு. நான்தான் வெள்ளையப் பாத்து ஆசைப்பட்டேன். ஆசாரி சொன்னப்புறந்தான் வெள்ளைன்னா என்னன்னே தெரிஞ்சுது."

"இல்லம்மா" என்றேன். அந்த அம்மா பக்கத்து வீட்டுக்காரி பக்கம் திரும்பியது.

"பாத்தியா, அப்பவும் நம்மள விட்டுக் குடுக்காம இல்லேங்கிறாரு" என்றது.

பக்கத்து வீட்டுக்காரி, "தப்பா பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றாள்.

உள்ளே போய் அடுக்கைப் பிரித்தேன். நாலு பக்கமும் வைரமாக வருகிற மரமாகத் தேடி எடுத்தேன். இரண்டு தடவை அறுக்கச் சொன்னேன். "இன்னைக்கு என்னய்யா ஆச்சு உமக்கு?" என்றார் ரம்பத்தில் நின்றவர்.

வண்டியில் ஏற்றுமுன் நாலு பக்கமும் திருப்பிக் காட்டினேன். அது சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க குடுத்தா சரியாத்தான் அண்ணே இருக்கும்" என்றது.

இப்போது யார் வந்தாலும் வெள்ளை என்று சொல்வதில்லை. பூச்சி திங்கிற பக்கம் என்றே சொல்கிறேன். முதலாளி முறைக்கிறார். முறைக்கட்டும்.

அந்த அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தனுப்பியிருந்தது. வீட்டில் எல்லாரும் தின்றார்கள். எனக்குப் பல் வலி என்று சொல்லிவிட்டேன்.