சைக்கிளில் ஏறிய பசலைக்கொடி

எங்கள் பஞ்சு மில்லைப் பூட்டி எட்டு மாதம் ஆகியிருந்த சமயம். சாரம் பகுதியில் என் வீட்டுச் சுவரோரம் சைக்கிள் சும்மா சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் என் மனைவி ஊன்றிய பசலைத் தண்டு வேறு கொம்பு இல்லாமல் அதன்மேலேயே ஏறிவிட்டது. பெடலைச் சுற்றி, ஹேண்டில்பாரைப் பிடித்து, சீட்டையும் மூடியது. வாரத்தில் நாலு நாள் எங்களுக்கு அந்தக் கீரைதான் குழம்பு.

ஒருநாள் காலை மில் சங்கு ஊதியது. லேட்டானால் பெயரை அடித்துவிடுவார்களோ என்ற பயத்தில், கத்தி தேடக்கூடப் பொறுக்காமல் கொடியை வேரோடு பிடுங்கி எறிந்தேன்.

"யோவ், விசாரிச்சிட்டுப் போய்யா!" என்று மனைவி கத்தினாள்.

"வேலைக்குப் போறேன்டி!" என்று காற்றில்லாத டயரிலேயே மிதித்தேன்.

மில் கேட்டில் வாட்ச்மேன் மட்டும் நின்றார். சக்கரத்தில் சிக்கியிருந்த இலைகளைப் பார்த்தார்.

"என்னாண்ணே, கீரை விக்க வந்தியா?"

"சங்கு ஊதுச்சேப்பா?"

"அதை விக்கிறாங்கண்ணே. வாங்க வந்தவரு ஊதிப் பாத்தாரு."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு திரும்பினேன். மனைவி வாடிய இலைகளைக் கிள்ளிக் கடைசியாக ஒரு குழம்பு வைத்தாள். மிஞ்சிய தண்டை மறுபடி ஊன்றினாள்.

அது துளிர்த்ததும் சைக்கிளை நானே அதன் பக்கம் நகர்த்திச் சாய்த்துவைத்தேன். இனி மில் திறந்துவிட்டது என்று யார் வந்து சொன்னாலும், நடந்தே போய்ப் பார்த்துக்கொள்வேன்.