கூரைக்குப் போன சூடு

தூர்டிஸ் வடகோடிக் கடலோரத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு ஒரு மீன் பருவத்துக்கு மட்டும் வேலை பார்க்கத்தான் வந்தாள். வந்தவள் இங்கேயே ஒரு மீனவனைக் கட்டிக்கொண்டாள். அவன் சில வருஷத்தில் இன்னொருத்தியோடு தெற்கே போய்விட்டான். பிறகு மீன் தொழிற்சாலையை மூடினார்கள். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்குப் போனாள். பிள்ளைகள் குறைந்துபோய் அதையும் மூடினார்கள். அவள் கால் வைத்த இடமெல்லாம் மூடிக்கொள்கிறது என்று கடைவாசலில் கேலி பேசுவோம். அவள் காதுபடவே பேசுவோம், அவளும் சிரிப்பாள். கடைசியாக அவள் கையில் மிஞ்சியது எங்கள் சிற்றாலயத்தின் சாவி.

மணி அடிப்பது, பனியை அள்ளுவது, மெழுகுவத்தி ஏற்றுவது, ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் காப்பி ஊற்றுவது, எல்லாம் அவள்தான். அந்தக் காப்பிதான் அவளுக்கு முக்கியம். குளிர்காலத்தில் இங்கே சூரியன் தலைகாட்டாத வாரங்களில் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த அரை மணி நேரம்தான் அவள் மனித முகம் பார்த்துப் பேசுகிற நேரம். இதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். "அது இல்லன்னா நான் செவுத்தோடதான் பேசணும், லெய்வ்" என்றாள்.

அதற்கும் ஆபத்து வந்தது. இலையுதிர் காலத்தில் சபைக் குழுத் தலைவர் படகேறி வந்து, போன குளிர்காலத்தில் வந்த புகார்களைச் சொன்னார். ஆலயத்தில் உட்கார முடியவில்லை, கால் விறைக்கிறது, பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். இந்த டிசம்பரிலும் இப்படியே இருந்தால் இனி ஒவ்வொரு வருஷமும் நவம்பர் முதல் மார்ச் வரை இங்கே பூட்டு. ஆராதனை அக்கரையில் நடக்கும், வேண்டியவர்கள் படகில் வரலாம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு தானே வந்து உட்கார்ந்து பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் நான்கு குளிர்காலத்துக்கு முன்பே புது ஹீட் பம்ப் மாட்டியாயிற்று. ஏ.சி. பெட்டி போலத்தான் இருக்கும், ஆனால் வெளிக்காற்றில் இருக்கிற கொஞ்ச நஞ்சச் சூட்டையும் உறிஞ்சி உள்ளே ஊதும். பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில், முதல் பெஞ்சுக்கு நேர் மேலே மாட்டினார்கள். அங்கேதான் கோளாறு. முதல் பெஞ்சில் எங்கள் ஊர்க்காரன் எவனும் உட்கார மாட்டான். எல்லோரும் கடைசி மூன்று பெஞ்சில், ஆளுக்கு ஆள் ஒரு கை தூரம் விட்டு உட்காருவோம். எங்களுக்கு ஆண்டவரிடம்கூடக் கொஞ்சம் இடைவெளி வேண்டும். போதகர் அம்மா வந்த புதிதில் முன்னால் வாருங்கள் என்று கூப்பிட்டுப் பார்த்தார். எல்லோரும் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவரும் விட்டுவிட்டார்.

முன்னால் உட்கார்ந்தது ஆஸ்முண்டும் அவர் மனைவி குன்வோரும் மட்டும். குன்வோருக்குக் காது மந்தம். சுவரோரம் அவள், நடைபாதையோரம் அவர். அவள் போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் காலமானாள். ஆஸ்முண்ட் மட்டும் இன்னும் அதே பெஞ்சில் தன் ஓரத்தில் உட்காருகிறார்.

சூடு பின்னால் வரவில்லை என்று தெரிந்ததும் தூர்டிஸ் முதலில் எல்லோரும் செய்கிற காரியத்தைத்தான் செய்தாள். முப்பது டிகிரிக்கு ஏற்றி வைத்தாள். கூரையில் இருந்த ஈக்கள் டிசம்பரில் விழித்துக்கொண்டு பறந்தன, எங்கள் கால்கள் அப்படியே விறைத்துக் கிடந்தன. பிறகு ஒரு சனிக்கிழமை பிற்பகல் நான் மணிக்கயிறு மாற்றப் போனபோது, பெஞ்சு பெஞ்சாகச் சிவப்புக் கம்பளி நூல் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். தலை உயரத்தில் ஒன்று, கால் உயரத்தில் ஒன்று.

"என்ன தூர்டிஸ், ஆட்டுக்குட்டி கட்டப் போறியா?"

"உங்களத்தான் கட்டணும். முன்னாடி வந்து உக்காருங்கன்னா எவன் கேக்குறான்? வாய மூடிட்டு நூலப் பாரு."

பெட்டியின் வாயில் காற்றைத் திருப்பிவிடும் மடல் மட்டமாக இருந்தது. நூல் ஒன்றும் அசையவில்லை. அவள் ரிமோட்டை அமுக்கி மடலை முழுக்கக் கீழே இறக்கினாள், காற்றின் வேகத்தைக் கூட்டினாள். கொஞ்ச நேரத்தில் முதல் பெஞ்சின் கால் நூல் ஆடியது, பிறகு அடுத்தது. கடைசி பெஞ்சு வரை நூல் நூலாக ஆடிக்கொண்டு வந்தது. தலை உயரத்து நூல்கள் சும்மா தொங்கின.

"பாத்தியா! மடல் மேல பாத்தா சூடெல்லாம் கூரைக்குப் போயிடுது. மிஷினும் அங்கதான தொங்குது? தன் தலையச் சுத்தி இருக்கிற சூட்டப் பாத்துட்டு, போதும்டா சாமின்னு தூங்கிடுது. கீழ இறக்கினா தரையோட ஓடி வருது."

"அப்ப ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் குளிருது?"

"தெரியாத மாதிரி கேக்காத."

தெரியாமல் என்ன? ஊருக்கே தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் முதல் பாட்டு தொடங்கியதும் ஆஸ்முண்ட் எழுந்து, கைத்தடியால் அந்த மடலை மேலே நெட்டித் தள்ளிவிட்டு உட்காருவார். மிஷின் வந்த நாளிலிருந்து இதுதான் நடக்கிறது.

"கெழவருக்கு என்ன பிடிவாதமோ" என்றாள் தூர்டிஸ்.

"போய்ச் சொல்லேன்."

"நீ சொல்லேன்."

இரண்டு பேரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரன் கூரை எரிந்தாலும், அவனுக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு காப்பி குடிப்போம். இதை அடக்கம் என்று சொல்லிக்கொள்கிறோம். எனக்கு இதில் வரும் எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

மூன்றாம் ஞாயிறு வந்தது. வெளியே நல்ல குளிர், கடல் ஆவியாகப் புகைந்தது. தலைவர் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்து, அவரும் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தார். தூர்டிஸ் விடியுமுன்பே வந்து மடலை இறக்கி வைத்திருந்தாள். பாதத்தில் இளஞ்சூடு தட்டியது. முதல் பாட்டு தொடங்கியது. ஆஸ்முண்ட் எழுந்தார், தடியை உயர்த்தினார்.

"ஆஸ்முண்ட், அத விடுங்க!"

பாட்டு நின்றுபோனது. அந்த ஆலயத்தில் பெஞ்சிலிருந்து ஒருவர் குரல் கொடுத்து நான் கேட்டதேயில்லை. தூர்டிஸ் எழுந்து நின்றாள். முகம் செக்கச்செவேல் என்று ஆகியிருந்தது.

ஆஸ்முண்ட் தடியை இறக்காமலே திரும்பினார். "காத்து அடிக்குதும்மா."

"யாரு மேல அடிக்குது? உங்க மேல படலியே. அந்தப் பக்கம் யாருமே இல்லையே!"

"குன்வோர் கழுத்துல படும்" என்றார் அவர். ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள் என்பது போல. "மிஷின் மாட்டின அன்னிக்கே கழுத்து பிடிச்சுக்கிச்சுன்னு சொன்னா."

போதகர் அம்மா புத்தகத்தை மூடினார். தூர்டிஸ் பேசாமல் உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் உட்கார்ந்திருப்பேன். அவள் நடைபாதையில் முன்னே போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"நகந்து அவ எடத்துல உக்காருங்க. உங்க கழுத்துல படுதான்னு நீங்களே பாருங்க. பட்டா நானே மேல தள்ளிடறேன். அப்புறம் பூட்டுனா பூட்டட்டும்."

அவர் தடியைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு, மெதுவாக நகர்ந்து சுவரோரம் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து மிஷின் நின்றது. வெளிப்பெட்டியில் உறைபனி பிடித்தால் அது கரைகிறவரை உள்ளே ஊதாது, ஊதினால் குளிர்காற்றுதான் வரும். எங்களுக்கெல்லாம் இது தெரியும். ஆனாலும் அந்த அமைதியில் காத்திருப்பது பெரும்பாடாக இருந்தது.

பிறகு அது மறுபடி ஊதத் தொடங்கியது. ஆஸ்முண்ட் கண்ணை மூடிக்கொண்டு, கோட்டுக் காலரை விலக்கிக் கழுத்தைக் காட்டினார்.

"கழுத்துல ஒண்ணும் படல" என்றார்.

கொஞ்சம் கழித்துக் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். "கால்லதான் படுது."

தூர்டிஸ் தலையசைத்தாள். கடைசி பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் தலைவர் தன் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார், பிறகு அடுத்ததை. அவள் அதைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு கணம் அந்தச் சந்தோஷம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"அவளுக்குக் கால்தான் எப்பவும் சில்லிட்டுக் கெடக்கும்" என்றார் ஆஸ்முண்ட். யாரிடமும் இல்லை, காலைப் பார்த்துத்தான் சொன்னார். "கோயில்லேர்ந்து வீட்டுக்குப் போனதும் தேச்சுவிடுவேன். சூடாகவே ஆகாது. கடைசி வருஷம் ரொம்ப... நான்தான் ஒவ்வொரு வாரமும் மேல தள்ளிவிட்டேன்."

தூர்டிஸின் முகம் மாறிப்போனது. அவர் எப்போதும் உட்காரும் நடைபாதையோர இடத்தில் அவள் உட்கார்ந்தாள். போதகர் அம்மா பாட்டை மறுபடி தொடங்கச் சொல்லிச் சைகை காட்டினார், யாரும் தொடங்கவில்லை.

"எனக்கும் அப்ப தெரியாது, ஆஸ்முண்ட்" என்றாள் அவள். பிறகு, "ஆனா நீங்க மொத தடவ எழுந்தப்பவே நான் ஏன்னு கேட்டிருக்கலாம்" என்றாள்.

அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலுறையோடு பாதங்களை அந்தக் காற்றில் நீட்டினார்.