‘ஏனுங்க’ என்று கேட்ட யானை

என் மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டாள் என்று டீச்சர் சொன்ன அன்று, என் மனைவி இனிப்பு வாங்கி வந்தாள். எனக்கு மட்டும் அது இனிக்கவில்லை. காரணம் ஒரு படப்புத்தகம்.

கோவையில் நடந்த புத்தகக் கண்காட்சியில், நெரிசல் தாங்காத எரிச்சலில், கையில் அகப்பட்டதை எடுத்து வந்ததுதான் அது. வழி தவறி ஊருக்குள் வந்துவிட்ட ஒரு குட்டி யானையின் கதை. அது ஆட்டிடம் கேட்கும், கிணற்றுத் தவளையிடம் கேட்கும், கோழியிடம் கேட்கும். எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: ‘காட்டுக்கு வழி எது?’ கடைசியில் அம்மா யானையிடம் போய்ச் சேர்ந்துவிடும். கதை அவ்வளவுதான். ஆனால் படங்கள் இருக்கின்றனவே! கோழியின் முகத்தில் பஞ்சாயத்துத் தலைவரின் மிடுக்கு. குட்டியின் காதில் ஒரு வாழைச் சருகு ஒட்டிக்கொண்டே வரும். எந்தப் பக்கத்திலும் விழாது. சத்தம் போட்டுப் படிப்பதற்கென்றே செய்த புத்தகம். குழந்தை இருக்கும் வீட்டில் இப்படி ஒன்று கட்டாயம் வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரே குறை, அதில் எல்லோரும் பாடப்புத்தகம் மாதிரிப் பேசினார்கள். முதல் நாளே எனக்குப் பொறுக்கவில்லை. ‘காட்டுக்கு வழி எது?’ என்று மொட்டையாகக் கேட்டால் எங்கள் ஊரில் யார் வழி சொல்வார்கள்? என் வாயில் அது, “ஏனுங்க, காட்டுக்கு எப்படிப் போறதுங்க?” என்றுதான் வந்தது. கோழியும், “நேராப் போயிச் சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க கண்ணு” என்றது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து தினமும் யானை அப்படித்தான் கேட்டது.

என் மனைவி திருநெல்வேலிக்காரி. ஒருநாள் அவள் அச்சில் உள்ளபடியே படித்துக் காட்டினாள். “தப்புத் தப்பாப் படிக்கறீங்க” என்று மகள் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள். மனைவிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“யானை எங்கயாவது ஏனுங்கன்னு சொல்லுமா?”

“இது காரமடைப் பக்கத்து யானை அம்மணி. வாழைத் தோப்புக்குள்ள வந்தாலும் மரியாதையாத்தான் வரும்” என்றேன்.

வெளியே கேலி பேசினாலும் உள்ளுக்குள் எனக்குப் பெருமை. பகலெல்லாம் பட்டறையில் மோட்டார் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை இது. எனக்கு முன்கோபம் வேறு. அந்தக் குரலைக் கேட்பதற்காக மாலையில் ஒருத்தி மடியில் ஏறி உட்கார்ந்தாள். தானே படிக்க வந்துவிட்டால் அவளுக்கு நான் எதற்கு? இதுதான் என் பயம்.

அந்த நாளும் வந்தது. நான் படிக்கப் படிக்க, வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு வந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

“அப்பா, இதுல ‘ங்க’ எங்கீங்க?”

சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையில் க, ச எல்லாவற்றுக்கும் படம் உண்டு. ங மட்டும் வெறுமனே நிற்கும். அந்த எழுத்தைத்தான் யானையின் வாயில் தேடிக்கொண்டிருந்தாள். பிடிபட்டுவிட்டேன். பிடிபட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

“சரி, உள்ளதை உள்ளபடியே படிக்கறேன், கேளு” என்று கடைசிப் பக்கம் வரை அச்சுப்படியே படித்து முடித்தேன். அவள் ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடியதும் மெதுவாகக் கேட்டாள்:

“அப்பா, யானைக்குக் கோழி மேல கோவமுங்களா?”

எங்கள் பக்கத்தில் ‘ங்க’ விட்டுப்போனால் மனசு சரியில்லை என்று அர்த்தம். எனக்கும் மனைவிக்கும் மனத்தாங்கல் வரும்போது என் பேச்சிலிருந்து முதலில் காணாமல் போவது அதுதான். மகள் அதைக் கவனித்து வைத்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

“கோவமெல்லாம் இல்லீங்க கண்ணு. எழுதுனவங்க நம்மூரு இல்ல, அவ்வளவுதான்.”

அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மாலை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து, தானே சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பயந்தது நடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, கிரீஸ் கையைக் கழுவப் போனேன். சோப்பைப் போட்டுப் போட்டுத் தேய்த்து நேரத்தைக் கடத்தினேன்.

திரும்பி வந்தபோது படிக்கும் சத்தம் நின்றிருந்தது. எட்டிப் பார்த்தேன். யானை பேசும் ஒவ்வொரு வரியின் கடைசியிலும், கோணல் மாணலாக, பென்சிலில் ‘ங்க’ எழுதியிருந்தாள். ஆட்டுக்கும் எழுதியிருந்தாள், தவளைக்கும் எழுதியிருந்தாள். கோழியின் வரியில் மட்டும் ஒன்றும் இல்லை.

“கோழிக்கு எழுதலீங்களா கண்ணு?”

“கோழி நீங்கதானுங்க அப்பா” என்றாள். “யானை எவ்வளவு நேரமா நிக்குது பாருங்க. வந்து வழி சொல்லுங்க.”

உட்கார்ந்தேன். மடியில் ஏறிக்கொண்டாள். “நேராப் போயிச் சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க கண்ணு” என்றேன்.