மக்கர் நோட்டு

கணக்கில் புலி என்று யாரையாவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வரும்.

அறுபதுகளில் திருச்சியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் நான் டிரைவர். துறையூர் ரூட். ஆபீஸ் கிளார்க் ஸ்ரீரங்கத்தில் எனக்கு அடுத்த வீட்டுக்காரன். என் சம்சாரம் குழம்பு வைத்தால் அவன் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும்.

முதலாளிக்குத் திடீரென்று ஒரு யோசனை. எந்த வண்டியை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று கணக்குப் போட வேண்டுமாம். வண்டிக்கு ஒரு நோட்டு. டிரைவர் அன்றாடம் பழுதைச் சொல்ல, கிளார்க் எழுத வேண்டும். ஓடிய நாளைப் பழுதால் வகுத்தால், வண்டி எத்தனை நாளைக்கு ஒரு தடவை மக்கர் பண்ணும் என்று தெரிந்துவிடும். மக்கர் நோட்டு என்றே நாங்கள் பேர் வைத்தோம்.

“அண்ணே, ஒண்ணு விடாம சொல்லுங்க. சும்மா கணக்குக்குத்தான்” என்றான் கிளார்க்.

சொன்னேன். பிரேக் மிதித்தால் இடப்பக்கம் இழுத்தது, சொன்னேன். கொள்ளிடம் பாலத்தில் கியர் உறுமியது, சொன்னேன். ஹாரனுக்குத் தொண்டை கட்டியதைக்கூட விடவில்லை. மற்ற டிரைவர்கள் விவரமானவர்கள். “ஒண்ணுமில்ல, எழுதிக்க” என்றுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவர்கள் வண்டியை மண்ணச்சநல்லூரில் ஜனங்கள் இறங்கித் தள்ளியது இவனுக்குத் தெரியுமோ தெரியாதோ, சைபர் போட்டான்.

மூன்று மாதம் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். நோட்டுகளோடு கிளார்க்கும் அங்கே நின்றான். கணக்கில் என் வண்டிதான் கடைசி.

“எல்லா வண்டியும் ஒண்ணா வாங்கினதுதான்யா. உன்கிட்ட மட்டும் ஏன் கெட்டுப்போகுது?”

“மத்தவங்க மறைக்கறாங்க சார். இவனையே கேளுங்க.”

அவன் ஜன்னலைப் பார்த்தான். “நோட்டுல இருக்கறதைத்தான் சார் கூட்டியிருக்கேன்.”

ஸ்டீயரிங் என் கையைவிட்டுப் போயிற்று. ஷெட்டில் பிரேக் மாட்டும் வேலை. என் வண்டிக்கு வந்த புது டிரைவர் வாயே திறக்கவில்லை. மறுமாதமே அது கம்பெனியில் நம்பர் ஒன் வண்டி. ஆனாலும் கிளார்க்மேல் பழி போட மனசு வரவில்லை. படித்தவன், எழுத்தில் இருப்பதைத்தான் நம்புவான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

தை மாதம் ஒரு காலை, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஷெட் வாசலில் வந்து நின்றான். துறையூரில் மாமனார் வீட்டு விசேஷம். அவர்களை எட்டத்தில் நிறுத்திவிட்டுக் கிட்டே வந்து கேட்டான்.

“அண்ணே, அந்த வண்டியில இன்னிக்கு ஏறலாமா?”

“ஏன்டா, உன் கணக்குல அதுதானே நம்பர் ஒன்?”

“அது கெடக்குது. நீங்க சொல்லுங்க.”

அறைந்திருப்பேன், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தன.

“நேத்துதான் நான் பிரேக் மாட்டினேன். போ.”

மறுபேச்சில்லாமல் போய்ப் பிள்ளைகளைத் தூக்கி ஏற்றினான். நோட்டை நம்பித்தான் என்னைக் கைவிட்டான் என்று நினைத்திருந்தேனே, அட மடையா! அந்த நோட்டை அவன் ஒரு நாளும் நம்பியதில்லை. என்னைத்தான் நம்பியிருக்கிறான், மேனேஜர் முன்னால் நின்றபோதும்.